வாதியில் வந்த புதுத் தண்ணீர்

ஆறே இல்லாத நாட்டில் நான் ஆற்று மீன் பிடித்திருக்கிறேன். இதைச் சொன்னால், கல்ஃபில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர்களே நம்புவதில்லை. கடலில் பிடித்திருப்பாய், மறந்துபோய்ப் பேசுகிறாய் என்கிறார்கள். கடலுக்கும் ஆற்றுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெட்டுவிடவில்லை.

எழுபதுகளின் நடுவில் புரைமியிலிருந்து கடலோரத்துச் சோஹாருக்கு மலை வழியாக ரோடு போட்டார்கள். அதில் ஒரு பகுதியை எடுத்திருந்த கம்பெனியில் நான் சர்வேயர். ரோடு போன வழி நெடுக ஒரு வாதி கூடவே வந்தது. வாதி என்றால் காட்டாறு. வருஷத்தில் முக்காலே மூணுவீசம் நாளும் கூழாங்கல்லும் மணலுமாகக் காய்ந்து கிடக்கும். ஆனால் மலை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்த இடங்களில் பாறைக்கு அடியிலிருந்து ஊற்று கசிந்து மடுவாகத் தேங்கி நிற்கும். எங்கள் கேம்ப்பிலிருந்து பிக்கப்பில் அரை மணி நேரம் மேலே போனால் அப்படி ஒரு மடு இருந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். அதில் மீன் இருந்தது.

பெரிய மீன் ஒன்றும் இல்லை. விரல் நீளம், நல்லதாகப் பார்த்தால் ஒரு சாண். கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியை நக்கித் தின்கிற ஜாதி. அயிரைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம்ப் மெஸ்ஸில் வாரத்துக்கு ஐந்து நாள் ஐஸ் வைத்த கோழி, ஆறாவது நாள் பருப்பு, ஏழாவது நாள் மறுபடி கோழி. அந்த நாக்குக்கு, மிளகாய்த்தூள் தடவி மொறுமொறுவென்று பொரித்த அந்த மீன் என்னவாக இருந்திருக்கும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை லீவில் மற்றவர்கள் லாரியில் தொற்றிக்கொண்டு அல் ஐன் போவார்கள். அங்கே நம் ஊர்க்காரர் கடையில் கறிவேப்பிலை கிடைக்கும், பழைய வாரப் பத்திரிகை கிடைக்கும். நான் மட்டும் மடுவுக்குப் போவேன். என்னோடு என் மச்சான் வருவான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. என்னைவிட மூன்று வயது இளையவன். அதே கம்பெனியில் ஷட்டரிங் கார்பென்டர். அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பும்போது என் மாமியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒத்தப் புள்ள மாப்ள. நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அனுப்புறேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தத் தலையாட்டலைப் பிறகு நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவன் ஒரு விதண்டாவாதி. இரண்டும் இரண்டும் நாலு என்று சொன்னால், யார் எண்ணிப் பார்த்தது என்று கேட்பான். சாரத்தில் ஏறும்போது பெல்ட் கட்டச் சொன்னால் ஃபோர்மேனோடு அரைமணி நேரம் சண்டை பிடிப்பான். அந்த ஃபோர்மேன் கண்ணூர்க்காரன், பொறுமைசாலி. கடைசியில் என் கேபினுக்கு வந்து, "சார் ஒரு வார்த்த சொல்லணும்" என்று நிற்பான். நான் போய்ச் சொன்னதும் மச்சான் முனகிக்கொண்டே கட்டுவான். அவனுக்குத் தூண்டிலும் பிடிக்காது. துண்டை விரித்துத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பான். நான் மாவு உருட்டி மாட்டி நாலு மீன் எடுப்பதற்குள் அவன் துண்டில் நாற்பது கிடக்கும். எரிச்சலாக இருக்கும் எனக்கு.

மூன்றாவதாக ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் செக்‌ஷன் இன்ஜினியர், ஸ்காட்லாந்துக்காரர். எங்கள் மடுவைப் பார்க்க ஒருநாள் வந்தவர், அந்த மீனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதை மீன் என்று சொன்னால் எங்கள் ஊரில் அடிக்க வருவார்கள் என்றார். அவர் ஊர் மீன் சால்மன். கடலில் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் பிறந்த ஆற்றைத் தேடித் திரும்பி வருகிற மீன். அக்டோபர் வந்துவிட்டால் அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. மத்தியான இடைவேளையில் என் டேபிள் ஓரத்தில் உட்கார்ந்து அங்கே இப்போது ஆறு எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆற்று வாயில் சால்மன் கூட்டம் கூட்டமாகக் காத்துக் கிடக்கும். மலையில் மழை பெய்து ஆறு ஏறினால்தான் உள்ளே வரும். தண்ணீர் ஏறும்போது தூண்டில் போட்டுப் பிரயோஜனமில்லை, சேறாக இருக்கும். ஏறி முடித்து, ஒரு சாண் இறங்கி, பால் விடாத டீ நிறத்துக்குத் தெளியும் பாருங்கள், அந்த ஒரு நாள்தான் நாள். ட்ரவுட் என்ற இன்னொரு மீனுக்குத் தெளிந்த தண்ணீரும் மேகம் மூடிய வானமும் வேண்டும், வெயில் பட்டால் கல்லுக்கடியில் போய்விடும். கனடாவில் வேலை பார்த்தபோது ஸ்டீல்ஹெட் என்று ஒன்றைப் பிடித்தாராம். அது குளிர்ந்த மழைக்குக் காத்திருக்கிற மீனாம்.

"இது என்ன அதிசயம்? எங்க ஊர்க் கெண்டையும் இதைத்தான் செய்யுது. அது துரை வீட்டு மீன் இல்லை, அதனால யாரும் புத்தகம் போடலை" என்று நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. காவிரிப் பாசனத்தில் பிறந்தவனுக்கு ஆற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவேண்டாம் என்ற திமிர்.

அவர் கேட்டுக்கொண்டதால் மடுவின் ஓரப் பாறையில் லெவல் வைத்துப் பார்த்து, சைட் பெயின்ட்டால் சிவப்புக் கோடு போட்டேன். அரை அடிக்கு ஒரு கோடு, மேலே ஆறு அடி வரைக்கும். வெள்ளிக்கிழமை தோறும் மட்டத்தைக் குறிப்போம். கோடைக்காலம் முழுக்கத் தண்ணீர் கீழ்க் கோட்டுக்கும் கீழே கிடந்தது. மீன் விடிகாலையில் தலை காட்டிவிட்டு வெயில் ஏறியதும் பாறை இடுக்கில் செருகிக்கொள்ளும். செப்டம்பர் கடைசியில் காற்றுத் திரும்பியது. தண்ணீரில் காலை வைத்தால் ஜில்லென்று இருந்தது. மீன்கள் உச்சிப் பொழுதில்கூட வெளியே வந்து மேய ஆரம்பித்தன. இன்னும் ஒரே ஒரு மழை வந்தால் போதும் என்றார் இன்ஜினியர். அக்டோபரில் அவருக்கு லீவு வந்தது. போகும்போது தன் தூண்டில் கம்பை, சக்கரம் வைத்தது, என்னிடம் விட்டுவிட்டு, "நல்ல தண்ணீர் வந்தால் உபயோகப்படுத்து, எனக்கு மட்டத்தைக் குறித்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன மூன்றாவது வெள்ளிக்கிழமை.

காலையிலிருந்தே என்னவோ போல இருந்தது. குளிர் காலம் தொடங்கும் நேரத்தில் திடீரென்று புழுக்கம். உடம்பில் சட்டை ஒட்டியது. கேம்ப்பில் ஈ மொய்த்தது. எங்கள் தலைக்கு மேலே வானம் வெறுமையாக இருந்தது, ஆனால் மேற்கே மலையின் முதுகில் மேகம் படுத்திருந்தது. காலையில் அழுக்கு வெள்ளையாக இருந்தது, பத்து மணிக்குச் சட்டி அடி போலக் கறுத்துவிட்டது. நகரவே இல்லை. அசையாமல் ஒரே இடத்தில் அது கறுத்துக்கொண்டே போவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்திருக்கவேண்டும். ஆனால் எனக்கு வாயில் எச்சில்தான் ஊறியது. மேகம் மூடினால் மீன் கடிக்கும். மலையில் மழை பெய்தால் ஆறு ஏறும். இரண்டு ஊர்க் கணக்கும் ஒன்றாகத்தான் வந்தது.

மச்சான் வர மறுத்தான். வாரத் துணியை எல்லாம் சோப்பில் ஊறவைத்திருந்தான். "நீங்க போயிட்டு வாங்க அத்தான். நான் தூங்கணும்" என்றான்.

"இந்த மாதிரி நாளு வருஷத்துக்கு ஒண்ணுதான் வரும். துணி எங்க ஓடிப் போவுது? கெளம்பு."

முனகிக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

பிக்கப் ஓட்டியவன் ஒரு பட்டாணி. பேஷாவர் பக்கம். நல்லவன், ஆனால் எனக்கு அவன்மேல் ஒரு குறை உண்டு. வண்டியை ஒருபோதும் வாதிக்குள் இறக்கமாட்டான். மடு வரைக்கும் கூழாங்கல்லில் சுகமாகப் போகலாம், எல்லாரும் போகிறார்கள். இவன் மட்டும் மேலே பாறை மேட்டில் நிறுத்திவிட்டு, இறங்கிப் போங்கள் என்பான். வாளியையும் சாமானையும் தூக்கிக்கொண்டு சரிவில் சறுக்கி இறங்கவேண்டும். "வண்டி ஓட்டுறவனுக்கு மணலைக் கண்டா பயமா?" என்று நான் வாரா வாரம் கிண்டல் செய்வேன். அன்றும் செய்தேன். அவன் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மடுவுக்குப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். வழக்கமாக வாதிக்குள் முள் மர நிழலில் படுத்திருக்கும் ஆடுகள் அன்று இல்லை. நிமிர்ந்து பார்த்தால், எதிர்ச் சரிவில், மேய ஒரு புல்கூட இல்லாத வெறும் பாறையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மேய்க்கிற பெண் அவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் துணிக்குள் அவள் முகம் தெரியவில்லை. எங்களைப் பார்த்துக் கையை அசைத்தாள். ஆண்கள் வந்து மடுவில் இறங்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அங்கே நான் எதைப் பார்த்தாலும் எனக்குத் தோதாகவே அர்த்தம் எடுத்துக்கொண்டேன். அதுதான் என் படிப்பின் லட்சணம்.

மீன் அப்படிக் கடித்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. மாவு தண்ணீரில் படுவதற்குள் பிடுங்கியது. பாசி நக்குகிற மீன் பசித்த நாய் போலப் பாய்ந்து வந்தது. மச்சான் துண்டை ஒரு தடவை தூக்கினால் கால் வாளி நிறைந்தது. அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன அத்தான் இதுவோளுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?"

"மழ வரப்போவுதுன்னு தெரியும். வயித்த ரொப்பிக்கிதுவோ."

அரை மணி நேரம் அப்படி இருந்தது. பிறகு யாரோ நிறுத்தியது போல நின்றது. ஒரு மீன்கூட இல்லை. குனிந்து பார்த்தேன். மடுவின் நடுவில் ஒன்றும் இல்லை. எல்லாம் ஓரத்தில், பாறை வெடிப்புக்குள், ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தன. வால்கள் மட்டும் வெளியே ஆடின. காற்று நின்றுவிட்டது. மேலே பட்டாணி ஹார்ன் அடித்தான். ஒருதடவை, பிறகு விடாமல். அப்புறம் அவனே சரிவில் பாதி இறங்கி வந்து கத்தினான்.

"உதர் பஹாட் மே பாரிஷ் ஹை, பாய். ஜல்தி ஊப்பர் ஆவோ."

மலையில் மழை, மேலே வா என்கிறான். மழை வேண்டும் என்றுதானே இத்தனை மாதமாகக் காத்திருக்கிறேன். "பாஞ்ச் மினிட்" என்று கையைக் காட்டினேன்.

அப்போதுதான் தண்ணீர் வந்தது.

மடுவுக்கு மேலே வாதி காய்ந்து கிடந்தது. எண்பது தப்படி தள்ளி ஒரு வளைவு. அந்த வளைவில் முதலில் நுரை தெரிந்தது. சிவந்த, அழுக்கான நுரை. அதன் பின்னால் சருகும் ஆட்டுப் புழுக்கையும் சுள்ளியும் மிதக்க, ஒரு கோரைப்பாய் அகலத்துக்குத் தண்ணீர். கல்லைச் சுற்றி, பள்ளத்தை நிரப்பி, நின்று நின்று வந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, அரசலாற்றில் தண்ணீர் வருகிற நாளில் ஊரே ஆற்றில் நிற்கும். கரையில் இல்லை, ஆற்றுக்குள். காய்ந்த மணலில் தண்ணீர் ஓடி வராது, நடந்துதான் வரும். மணல் குடித்தது போக மிச்சம்தான் முன்னேறும். அது ஒரு அடி வந்தால் நாங்கள் ஒரு அடி பின்னால் வைப்போம். சூடம் கொளுத்துவார்கள். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையில் தெளித்துக்கொள்வோம். பெண்கள் குலவை போடுவார்கள். அந்த நுரைக்குள்ளேயே மீன் துள்ளும். இப்படியே அடுத்த ஊர் எல்லை வரைக்கும் தண்ணீரை அழைத்துக்கொண்டு போய்விடுவோம். புதுத் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக் கரையேறினால் மரியாதைக் குறைவு. அதைக் கண்டு ஓடுகிறவன் ஒருவன் இருந்தால் அவனுக்குச் சித்த சுவாதீனம் இல்லை என்று அர்த்தம். மச்சானும் நானும் விவரம் தெரிந்த நாளிலிருந்து வருஷா வருஷம் அப்படித் தண்ணீரை அழைத்தவர்கள்தான்.

இங்கே, ஊரை விட்டு வந்து மூன்று வருஷம் கழித்து, இந்த மொட்டை மலைக்குள் அதே நுரையைக் கண்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்பட என்ன இருக்கிறது, அழுதேன்.

"மச்சான், புதுத் தண்ணி வருது பாரு. போயித் தொட்டுக் கும்புட்டுட்டு வா" என்றேன்.

அவன் வாளியைக் கீழே வைத்தான். "நீங்க வரலையா அத்தான்?"

"நான் மட்டத்தக் குறிச்சிட்டு வர்றேன். நீ போ."

அவன் போனான். நான் தூண்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறினேன். எத்தனை மணிக்குத் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டது என்று எழுதி வைத்து இன்ஜினியரிடம் காட்டவேண்டும். நோட்டை விரித்து மடியில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அவன் நன்றாகத் தெரிந்தான். வளைவுக்குப் பக்கத்தில் தண்ணீரைச் சந்தித்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தலையில் விட்டுக்கொண்டான். பிறகு எங்கள் ஊரில் செய்வது போலவே தண்ணீரைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து வர ஆரம்பித்தான். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். முகம் எனக்குத் தெரியவில்லை, தோள் குலுங்கியது.

முதலில் வந்தது காற்று. மலை இடுக்குக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று, பச்சை மண் வாசனையோடு, என் நோட்டுத் தாளைப் படபடவென்று புரட்டியது. அடுத்தது சத்தம். எங்கள் கிரஷரில் கல் கொட்டும்போது வருகிற சத்தம். வெள்ளிக்கிழமை கிரஷர் ஓடாதே என்று ஒரு விநாடி யோசித்தேன். அந்த ஒரு விநாடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. பாறை அதிர்ந்தது.

வளைவில் வந்ததைத் தண்ணீர் என்று சொல்லமுடியாது. ஆள் உயரத்துக்கு மேலே சேறும் கல்லும் வேரோடு பிடுங்கிய மரமும் ஒன்றாக உருண்டு வந்தன. நான் எழுந்து நின்று கத்தினேன்.

"ஏறு, பக்கத்துல ஏறு, மேட்டுல ஏறு."

அவன் காதில் விழுந்திருக்காது. என் காதிலேயே விழவில்லை. ஆனால் அவனும் பார்த்துவிட்டான். திரும்பினான், ஓடினான். பத்தே தப்படியில் பக்கவாட்டில் சரிவு இருந்தது. கையை ஊன்றி ஏறக்கூடிய சரிவு. அவன் அங்கே ஓடவில்லை. தண்ணீருக்கு முன்னால் நேராக, ஆற்றோடு, என்னை நோக்கி ஓடி வந்தான். தண்ணீருக்கு முன்னால் போய்த்தான் எங்களுக்குப் பழக்கம். பக்கத்தில் விலகவேண்டும் என்று உடம்புக்குத் தெரியவில்லை. நான் இறங்கப் போனேன். பட்டாணி எப்போது பாறைக்கு வந்தானோ, என் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். அவன் கையைக் கடித்தேன். விடவில்லை. மச்சான் எங்களுக்கு இருபது தப்படி தூரத்தில் இருந்தான். அப்புறம் இல்லை.

ஆறடிக் கோடும் முழுகி, நாங்கள் நின்ற பாறையின் தலைவரை தண்ணீர் வந்தது. பட்டாணி என்னை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினான். சூரியன் சாய்வதற்குள் வெள்ளம் வடிந்து வெறும் ஓடை ஆகிவிட்டது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது வாதி காய்ந்து கிடந்தது. மடுவையே காணோம். அந்த இடம் முழுக்கக் கூழாங்கல் மூடியிருந்தது.

கேம்ப்பே தேடியது. ஃபோர்மேன் தன் ஆட்களோடு வாதி நெடுகக் கீழே நடந்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் சோஹார் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். முள் மரத்தில் மாட்டியிருந்தான். அவர்களே கீழே இறக்கி, தங்கள் வீட்டுப் போர்வையால் மூடி, பக்கத்தில் ஆள் வைத்திருந்தார்கள். உடலை ஊருக்கு அனுப்புவது அந்தக் காலத்தில் ஆகிற காரியமாக இல்லை. சோஹாரில் நம்மவர்களுக்கு விட்டிருந்த இடத்தில் வைத்து நானே கொள்ளி போட்டேன். திரும்பி வரும் வழியில் பட்டாணி, கட்டுப் போட்ட கையோடு வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டான்.

"தும்ஹாரா பாய் பானீ கீ தரஃப் கியோன் கயா?"

உன் ஆள் எதற்குத் தண்ணீரை நோக்கிப் போனான்? அரசலாற்றை என்னிடம் இருந்த இந்தியில் சொல்ல வராது. "மாலூம் நஹி" என்றேன். தெரியாது என்று அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான். போலீஸ் கேட்டபோதும் தெரியாது. லீவு முடிந்து வந்த இன்ஜினியர் கேட்டபோதும் தெரியாது. அவர் தூண்டில் கம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு என்னிடம் மீன் பேச்சு எடுத்ததில்லை. ஊருக்கு எழுதிய கடிதத்தில், மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் வந்துவிட்டது என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தை மாதம் லீவு கொடுத்தார்கள். போனேன். மாமியார் என்னைப் பார்த்து அழுதார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர்க்காரர்கள் வந்து, விதி, யார் என்ன செய்யமுடியும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினேன். என் மனைவி அழுது முடித்திருந்தாள். வேளாவேளைக்குச் சோறு போட்டாள், பேசினாள், என் சட்டைப் பித்தானைத் தைத்துக் கொடுத்தாள். ராத்திரியில் பக்கத்தில் படுத்திருக்கும்போது அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு, இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நாற்பது நாளைக் கடத்தினேன். கோழை என்றால் நான்தான்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் அவள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வர மாட்டேன் என்றது, நான் கிளப்பிக்கொண்டு போனது, பட்டாணி கூப்பிட்டது, நான் ஐந்து நிமிஷம் என்றது. புதுத் தண்ணீர் வந்ததும் போய்த் தொட்டுக் கும்பிட்டு வா என்று நான்தான் அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கடைசி இணுக்கு வரை உருவினாள்.

"நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ கையால் தூக்கி எடுத்தது போல இருந்தது. அவள் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவள் காம்புகளைத் திரட்டி ஒரு பக்கம் ஒதுக்கினாள், முறத்தைத் தட்டினாள், எழுந்தாள். அடுப்புப் பக்கம் போனவள் அங்கிருந்து, திரும்பிப் பார்க்காமல், கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"ஆனா நான் சொன்னா அவன் போயிருக்க மாட்டான். எம் பேச்ச அவன் என்னக்கிக் கேட்டான்? நீங்க சொன்னீங்கன்னுதான் போயிருக்கான்."